ஏரிக்கரை வளைவில் எரிந்த இடது விளக்கு

வண்டியில் பேய் இருக்கிறது என்று ஒரு கஸ்டமர் வந்து சொன்னால் நீங்கள் சிரிக்கிறீர்கள். போன வாரம் உங்கள் பட்டறைப் பக்கம் டீ குடிக்க வந்தபோது பார்த்தேன். ஹாரன் தானாக அடிக்கிறது என்று ஒரு மனுஷன் பயந்துபோய்ச் சொல்கிறார், நீங்கள் மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படிச் சிரித்தவன்தான். அதன் கதையை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சுவிட்சை எப்படிக் கழற்றி எப்படி மாட்டுவது என்பதை நான் சொல்லித்தரப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பழைய காருக்கு ஒயரிங் வேலை பார்ப்பவனுக்குக் கைவேலை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

செங்கம் ரோட்டில் என் கடை இருந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களின் வாடகை பைக்குகள்தான் முக்கால்வாசி வேலை. பழைய கார் என்று வருவது மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதில் ஒன்று சாந்தி டீச்சருடைய கார். டீச்சருக்கு ஊர் கீழ்பென்னாத்தூர், வேலை திருவண்ணாமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில். அவருடைய அப்பா வாங்கிய கார் அது. கதவை மூடினால் பீரோவை மூடுகிற சத்தம் வரும். புதுக் கார் வாங்க வசதி இருந்தும் அதைத்தான் தினமும் ஓட்டிக்கொண்டு வந்துபோவார்.

ஒரு பௌர்ணமி அன்று காலையில் அந்தக் காரை என் கடையில் கொண்டுவந்து நிறுத்தினார். இண்டிகேட்டர் சுவிட்சு போய்விட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சியைத் தள்ளினால் நிற்கவில்லை, கையை எடுத்ததும் திரும்பி வந்துவிடுகிறது. "அண்ணா, மத்தியானத்துக்குள்ள குடுத்துடுங்க. அப்புறம் கூட்டம் ஜாஸ்தி ஆயிடும், போலீஸ்காரங்க ரோட்டை மறிச்சிடுவாங்க, நான் ஊர் போய்ச் சேர முடியாது" என்றார். பௌர்ணமி அன்று நம் ஊர் என்ன கதி ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாடலுக்குப் பொருத்தமான சுவிட்சு ஒன்று என்னிடம் இருந்தது. ஆனால் அதன் ஒயர்கள் குட்டை. முறைப்படி செய்வதென்றால் ஸ்டியரிங் ராடு ஓரமாகக் கீழே வரைக்கும் புது ஒயர் இழுக்க வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும். நான் அவசரத்தில் பழைய ஒயரை வெட்டி, புது ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றி உள்ளே தள்ளினேன். டேப் பிய்ந்தாலும் தொட்டுக்கொள்ளாதபடி ஜாயிண்டுகளைத் தள்ளித்தள்ளிப் போட வேண்டும் என்பது முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்கே தெரிந்த விஷயம். எல்லா ஜாயிண்டையும் பக்கத்துப் பக்கத்திலேயே போட்டேன். தெரியாமல் இல்லை. தெரிந்துதான் போட்டேன்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். நம் ஊரில் ஓட்டிப் பார்ப்பது என்றால் என்ன? கிரிவலப் பாதையில் ஒரு சுற்று. புண்ணியத்துக்குப் புண்ணியம், டெஸ்டுக்கு டெஸ்ட். எத்தனை பட்டறை இருக்கிறதோ அத்தனை பேரும் அப்படித்தான். மலை எப்போதும் நம் வலது கைப் பக்கம் இருக்கும். அந்தப் பாதையை எதிர்ப்பக்கமாகச் சுற்ற நம் யாருக்கும் கை வராது. கூட்டம் சேர்வதற்குள் ஒரு சுற்று போய் வந்தேன். லெஃப்ட் போட்டால் லெஃப்ட், ரைட் போட்டால் ரைட். அருமையாக வேலை செய்தது. மத்தியானத்துக்கு முன்னால் காரைக் கொடுத்துவிட்டேன், டீச்சருக்கு வாயெல்லாம் சிரிப்பு.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் திரும்ப வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், கன்னம் ஒட்டிப்போய் இருந்தது.

"அண்ணா, அந்த இண்டிகேட்டரைக் கழட்டிடுங்க. சுவிட்சு மட்டும் இல்ல, ஒயரையே புடுங்கிடுங்க."

"இன்னா டீச்சர், புதுசு போட்டு ரெண்டு மாசம்கூட ஆவலியே."

"எங்க ஊர் ஏரிக்கரை வளைவுல லெஃப்ட் லைட்டு தானா எரியுது. நான் கையே வைக்கறதில்ல."

"எப்பவுமா?"

"காலைல டவுனுக்கு வரும்போது எரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுதான். அந்தப் பையன் விழுந்த எடத்துலதான்."

அந்தப் பையனைப் பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டேன். டீச்சரிடம் எட்டாவது படித்தவன், டவுனில் ஒரு செல்போன் கடையில் வேலை. ஏரிக்கரை வளைவில் டீச்சருடைய காரை பைக்கில் முந்திப் போயிருக்கிறான். எதிரே நெல் மூட்டை ஏற்றிய மினி லாரி. டீச்சர் கண் முன்னாலேயே முடிந்துவிட்டது. வளைவில் முந்தினான், தப்பு அவனுடையது என்று போலீசும் சொன்னது, ஊரும் சொன்னது. டீச்சரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தில் லைட் எரிய ஆரம்பித்ததாம்.

"அவன் என்னைக் கூப்பிடறாண்ணா" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரிப்பை அடக்கிக்கொண்டேன். சுவிட்சைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மலையை ஒரு சுற்று சுற்றி வந்தேன். வழி நெடுக ஒரு தடவைகூடத் தானாக எரியவில்லை. காரைக் கொடுத்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி, "வண்டில ஒண்ணும் இல்ல டீச்சர். மனசுல இருக்கறதுதான் கண்ணுல தெரியுது. நல்லா சாப்பிட்டு நல்லா தூங்குங்க" என்று சொல்லி அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. காரைக் கேட்டேன், மலையைக் கேட்டேன், ஓட்டுகிற மனுஷியைக் கேட்கவில்லை. எங்கே, எந்தப் பக்கம் போகும்போது, ஸ்டியரிங் எப்படி இருக்கும்போது என்று நாலு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும்.

ஒரு வாரம் போயிருக்கும். டீச்சர் போன் பண்ணினார். குரல் அடங்கிப்போய் இருந்தது. "அண்ணா, இன்னைக்கு ஸ்கூல் விட்டதும் என்கூட வாங்க. இல்லன்னா அந்த வளைவுல காரை நேரா ஏரிக்குள்ள விட்டுடுவேன்னு எனக்கே பயமா இருக்கு."

அதற்கு மேல் சிரிப்பு வருமா? போனேன்.

சாயங்கால வெயில் எங்களுக்குப் பின்னால் இருந்தது. பின் கண்ணாடி வழியாக உள்ளே வந்து டாஷ்போர்டு முழுக்க விழுந்து கிடந்தது. இண்டிகேட்டருக்கான குட்டி பல்பு எரிந்தாலும் அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. டீச்சர் முன்பெல்லாம் கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டு போட்டுக்கொண்டு, வேகமாகப் போவாராம். இப்போது நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, பாட்டு இல்லாமல், மாட்டு வண்டி வேகத்தில் போனார். உள்ளே மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

ஏரிக்கரை வந்தது. கரையை ஒட்டி ரோடு இடது பக்கம் நன்றாக வளைகிறது. எதிரே என்ன வருகிறது என்று புதரும் கரையும் மறைத்துவிடும். டீச்சர் ஸ்டியரிங்கை ஒடித்தார்.

டக். டக். டக். டக்.

குச்சி நடுவில்தான் இருந்தது. நான் கையை நீட்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நடுவிலேயே பிடித்திருக்கிறேன், சத்தம் நிற்கவில்லை. பிள்ளைகளே, அத்தனை வருஷம் ஒயரோடு குடும்பம் நடத்தியவன் நான். பொய் சொல்ல மாட்டேன். "அண்ணாமலையாரே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன். வளைவில் ஒரு பனை மரத்தடியில் ஒரு அம்மா நின்றிருந்தார். கார் கிட்டே வந்ததும், யாரையோ வழியனுப்புகிற மாதிரி, கையை மெதுவாகத் தூக்கினார். எங்களைப் பார்க்கவில்லை. காரின் முன்பக்க இடது விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு டீச்சர் அது?"

"அவங்கம்மா. முனியம்மா. தினம் இந்த நேரத்துக்கு வந்துடுவாங்க. இந்த லைட்டைப் பாக்கத்தான்."

வளைவு முடிந்து ரோடு நேரானதும் சத்தம் நின்றது. நிறுத்தச் சொன்னேன். திருப்பிக்கொண்டு போய் மறுபடி அதே வளைவுக்கு வரச் சொன்னேன். மறுபடி எரிந்தது. மூன்றாம் தடவை, வளைவிலேயே ரோட்டை விட்டு இறங்கி, பனை மரத்துக்குப் பக்கத்து மண்ணில் நிறுத்தச் சொன்னேன். ஸ்டியரிங் இடது பக்கம் ஒடித்தது ஒடித்தபடியே இருந்தது. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வைத்தோம். கார் நின்றுவிட்டது, லைட் நிற்கவில்லை. அந்த அமைதியில் டக் டக் என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

நான் கீழே இறங்கினேன். முனியம்மா காருக்குப் பின்னால் வந்து நின்று, இடது பின்விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். விரல் இடுக்கில் வெளிச்சம் வருவதும் போவதுமாக இருந்தது. அவர் முகத்தில் பயமே இல்லை.

"இன்னைக்கு ரொம்ப நேரம் பேசறான்" என்றார் என்னிடம்.

நான் முன்பக்கம் போனேன். டீச்சர் பக்கத்துக் கதவைத் திறந்து, கையை விட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினேன். சத்தம் நின்றது.

"போயிட்டான்" என்றார் முனியம்மா, கையை எடுக்காமலே.

இடது பக்கம் திருப்பினேன், எரிந்தது. வலது பக்கம் திருப்பினேன், அணைந்தது. அவ்வளவுதான் விஷயம். என் ஜாயிண்டு. டேப் தேய்ந்து, ஸ்டியரிங்கை இடது பக்கம் நன்றாக ஒடிக்கும்போது மட்டும் ராடு வந்து அழுத்தி, இரண்டு ஒயர் தொட்டுக்கொள்கிறது. ஊருக்குள் இடது பக்கம் திரும்பும்போதும் தொட்டிருக்கும். ஆனால் அங்கே டீச்சரே லெஃப்ட் போட்டிருப்பார், யாருக்குத் தெரியப்போகிறது? காலையில் வரும்போது இதே வளைவு வலது பக்கம் திரும்பும், அதனால் எரியவில்லை. மலையைச் சுற்றும்போது முழுக்க முழுக்க வலது பக்கம்தான், அதனால் எனக்கும் எரியவில்லை. பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வாய்விட்டுச் சிரித்தேவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முனியம்மா என்னைப் பார்த்தார். "நீ இன்னா சாமி, மெக்கானிக்கா? நீயே சொல்லு. வேகமாப் போனான், வேகமாப் போனான்னு ஊரே சொல்லுது. டீச்சர் வண்டியை என் புள்ள தாண்டவே மாட்டான். கேளு அவங்கள."

டீச்சர் காரை விட்டு இறங்கியிருந்தார். "ஆமாண்ணா. கடை விட்டு வந்து தினம் என் பின்னாடியேதான் வருவான். டீச்சரை எப்படி முந்தறதுன்னு ஒரு மரியாதை. அன்னைக்கு மட்டும் ஏன் முந்தினான்னுதான் எனக்கு இன்னும் புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது.

ரோட்டில் ஓட்டுகிற உங்களுக்கும் புரிந்திருக்கும். நம் ஊர்ப் பக்கத்தில், முன்னால் போகிற வண்டி, திரும்ப இடமே இல்லாத இடத்தில் லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டால் என்ன அர்த்தம்? எதிரே ஒன்றும் வரவில்லை, நீ போ என்று அர்த்தம். லாரிக்காரனிலிருந்து பஸ்காரன் வரை எல்லோருக்கும் அதுதான் பாஷை. லைட் எரிய ஆரம்பித்தது அவன் செத்த பிறகு இல்லை. டீச்சர் பயந்துபோய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போக ஆரம்பித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. அதற்கு முன்பே எரிந்திருக்கிறது. நான் சுவிட்சு மாற்றிய பத்தாம் நாள் அவன் செத்தான். அன்றைக்கு அந்த வளைவில், பின்னால் பொறுமையாக வந்துகொண்டிருந்த பையனிடம், போ என்று அந்தக் கார் சொல்லியிருக்கிறது. செத்தவன் வந்து விளக்கை எரியவைக்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு எரிந்துதான் அவன் செத்தான்.

பனை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. காரை நானே ஓட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். மறுநாள் கழற்றிப் பார்த்தேன். நினைத்தது நினைத்த மாதிரியே இருந்தது. டேப் கிழிந்து, செம்பு வெளியே தெரிந்து, ராடு பட்ட இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த ஜாயிண்டை வெட்டி எடுத்துவிட்டு, புது ஒயர் இழுத்து, காரைச் சரியாக்கிவிட்டேன். அது பெரிய வேலை இல்லை. அதற்கப்புறம் மூன்று நாள் நான் பட்ட பாடுதான் வேலை. டீச்சரின் வீட்டுக்காரர் போன் பண்ணி, வெள்ளிக்கிழமை காருக்குப் பூஜை போடப் போவதாகச் சொன்னார். எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்துவிட்டால் எல்லாம் போய்விடுமாம். எனக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! பூஜை முடியும், லைட் எரியாது, டீச்சர் தூங்குவார். என் ஜாயிண்டைப் பற்றி இந்த உலகத்தில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. சொன்னால் என்ன ஆகும்? போலீஸ் வரும், கடை போகும். டீச்சருக்கும் பாரம்தான் ஜாஸ்தியாகும். முனியம்மாவுக்கோ தினமும் சாயங்காலம் பேசுகிற மகனும் இல்லாமல் போவான். சொல்லாமல் இருப்பதற்கு இப்படி எத்தனை நல்ல காரணம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சாப்பிட உட்கார்ந்தால் அந்த அம்மா சொன்னது காதில் கேட்டது. டீச்சர் வண்டியை என் புள்ள தாண்டவே மாட்டான். ஊரே அவனை அவசரக்காரன் என்கிறது. இல்லை என்று சொல்ல அவரிடம் அத்தாட்சி இல்லை. அது இருந்தது என்னிடம், ஒரு பழைய துணியில் சுற்றி.

பூஜைக்கு முதல் நாள் காரை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனேன். முதலில் டீச்சரிடம் சொன்னேன். அவர் அழவில்லை, கத்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்கண்ணா, நானும் வரேன்" என்றார்.

முனியம்மா வீட்டு வாசலில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்தார். அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அந்த ஒயர்த் துண்டைத் துணியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ லைட்டுல பேசினது என் புள்ள இல்ல."

"இல்லம்மா."

"டீச்சர் போன்னு சொன்னாங்க, அதனால போனான்."

"டீச்சர் சொல்லலம்மா. நான் போட்ட இந்த ஜாயிண்டு சொன்னது."

முனியம்மா ஒயரை மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் டீச்சரைப் பார்த்துச் சொன்னார், "பாத்தியா டீச்சர், என் புள்ள கேட்டுட்டுதான் போயிருக்கான்." டீச்சர் அப்போதுதான் உடைந்து அழுதார். முனியம்மா அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "நீ என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. பால் ஊத்தற நேரம் ஆச்சு, சொசைட்டிகிட்ட எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து சொல்லு."

போனேன். பால் சொசைட்டி வாசலில் முப்பது நாற்பது பேர் கேனோடு நின்றிருந்தார்கள். முனியம்மா எனக்கு ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம். ஆரம்பித்தேன். "நான் திருவண்ணாமலைல ஒயரிங் வேலை பாக்கறவன். ஏரிக்கரை வளைவுல செத்துப்போன அந்தப் பையன் மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னுது..."

முனியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் பையன் இன்னா அந்தப் பையன்? பேர் சொல்லு. தினகரன்."

"தினகரன்" என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.